மூழ்கிய கப்பலை மிதக்கவிட்ட நடுவர்

1942ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரம். ஹஷிராஜிமா தீவருகே நங்கூரமிட்டிருந்த யமாட்டோ போர்க்கப்பலில் ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் கூடி, இனி நடத்தவிருந்த ஒரு போரை மேசைமேல் ஆடிப் பார்த்தார்கள். மிட்வே தீவைக் கைப்பற்றும் திட்டம் அது. தீவிலிருந்து கிளம்பும் அமெரிக்க விமானங்கள் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்குவதாக ஆட்டத்தில் ஒரு கட்டம் வந்தது. எத்தனை குண்டுகள் இலக்கில் விழும் என்பதைப் பகடை சொல்ல வேண்டும். நடுவர்களில் ஒருவரான ஒகுமியா மசடாகே உருட்டிய பகடை ஒன்பது என்றது. அகாகி, காகா இரண்டு கப்பல்களும் மூழ்கிவிட்டதாகக் கணக்கானது. கூட்டுக் கடற்படையின் படைத்தலைமை அதிகாரியும் ஆட்டத்தின் மேல்நடுவருமான உகாகி மதோமே குறுக்கிட்டு, ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகிக்குச் சிறு சேதம், காகா மட்டும் மூழ்கியது என்று தீர்ப்பு மாறியது. ஃபிஜி, நியூ கலிடோனியா மீதான அடுத்த கட்ட ஆட்டத்தில் அந்தக் காகாவும் எழுந்து வந்து அணியில் சேர்ந்துகொண்டது. ஒரு மாதம் கழித்து, ஜூன் 4 அன்று தொடங்கிய உண்மைச் சண்டையில் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு நான்கும் கடலுக்கு அடியில் போயின.

மனம் தனக்குப் பிடித்த முடிவை நோக்கி எப்படிச் சாய்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதையைப் படைப் பயிற்சிக் கல்லூரிகளில் ஓயாமல் சொல்கிறார்கள். கதை கச்சிதமானது, கொஞ்சம் அளவுக்கு மீறியே கச்சிதமானது. உகாகி தள்ளுபடி செய்தது தீவிலிருந்து வரும் விமானங்களின் குண்டுகளை. உண்மைப் போரில் மிட்வே தீவிலிருந்து கிளம்பிய விமானங்கள் அந்த நான்கு கப்பல்கள் மீது ஒரு குண்டைக்கூடச் சரியாகப் போடவில்லை. நான்கையும் அழித்தவை அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்து வந்த செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள். அப்படியானால் பகடையைவிட உகாகியின் கணிப்புதான் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. ஜோனதன் பார்ஷல், ஆன்டனி டல்லி இருவரும் 2005இல் வெளியிட்ட மிட்வே ஆய்வுநூல் இத்தகைய பல பழங்கதைகளைக் கலைத்துப் போட்டது. மேலும், இந்தச் சம்பவத்தை உலகம் அறிந்தது ஒகுமியாவும் கடற்படை விமானி ஃபுசிடாவும் சேர்ந்து 1951இல் எழுதிய நூலின் வழியே. அது ஜப்பான் தோற்றபின், யார் மீது பழி என்ற கேள்வி சூடாக இருந்த காலத்தில் எழுதப்பட்டது. தோல்வி தெரிந்த பிறகு எழுதப்படும் நினைவுக்குறிப்பில், முன்பே தெரிந்த அபாயக் குறிகள் தடித்த எழுத்தில் தெரியத்தான் செய்யும்.

ஆகவே உகாகியின் தவறு பகடையை மதிக்காதது அல்ல. திட்டம் நிறைவேற வேண்டும் என்று விரும்பிய தலைமையகமே அந்தத் திட்டத்துக்கு மதிப்பெண் போடும் இடத்திலும் இருந்தது என்பதுதான் அந்த மேசையின் கோளாறு. உளவுத் தகவல்களைப் படித்துக் கணிப்புச் சொல்பவர்களின் மனச்சாய்வுகளை அறிய ஒத்திகை ஆட்டங்கள் உதவுமா என்ற விவாதம் இன்று உளவியல் ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. அந்த விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம். ஒத்திகை ஆட்டம் எதிர்காலத்தைச் சொல்லும் கருவியாகப் பெரும்பாலும் தோற்றிருக்கிறது. ஆட்டக்காரரின் மனத்தைக் காட்டும் கருவியாக அது வென்றிருக்கிறது. ஆனால் மதிப்பெண் போடும் உரிமை ஆட்டக்காரரிடமிருந்தும் அவருடைய மேலதிகாரியிடமிருந்தும் விலகி நின்ற இடங்களில் மட்டும்.

போர் விளையாட்டின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. 1812இல் பிரஷ்ய அரசருக்கு ரைஸ்விட்ஸ் பிரபு செய்து கொடுத்த மேசை விளையாட்டை, அவருடைய மகன் 1824இல் வரைபடம், பகடை, விதிநூல் என்று ஒழுங்குபடுத்தினார். அதில் நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. எதிரியின் படை முழுவதும் ஆட்டக்காரர் கண்ணில் படாது; நடுவர் எதைச் சொல்கிறாரோ அது மட்டுமே தெரியும். அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு முழுச் சித்திரத்தை ஊகிப்பதுதானே உளவு ஆய்வாளரின் அன்றாட வேலை. அந்த வேலையை முதன்முதலில் ஓர் அறைக்குள் கொண்டுவந்தது இந்த விளையாட்டுதான். ஆனால் விதிகள் மிகுந்து ஆட்டம் ஊர்ந்தபோது, 1876இல் ஃபெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி விதிநூலையும் பகடையையும் ஓரங்கட்டி, எல்லாவற்றையும் அனுபவமுள்ள நடுவரின் முடிவுக்கு விடலாம் என்று எழுதினார். ஆட்டம் வேகம் பெற்றது. நடுவரின் மனச்சாய்வுக்கு வாசலும் திறந்தது.

மிட்வே ஆட்டம் நடந்த அதே 1942இல், லிவர்பூல் நகரின் டெர்பி ஹவுஸ் கட்டடத்தில் வேறு விதமான ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று, போரின்போது திரும்ப அழைக்கப்பட்ட கில்பர்ட் ராபர்ட்ஸ், ஜனவரியில் அங்கே ஒரு பயிற்சிப் பிரிவைத் தொடங்கினார். அவருக்குக் கிடைத்த உதவியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள் கடற்படைச் சேவையிலிருந்து வந்த இளம்பெண்கள். தரையைக் கட்டங்களாகப் பிரித்து அட்லாண்டிக் பெருங்கடல் ஆக்கினார்கள். காவல் கப்பல்களின் தளபதிகள் திரைக்குப் பின்னால் நின்று, சிறு துளை வழியே, கப்பலின் மேல்தளத்திலிருந்து என்ன தெரியுமோ அதை மட்டும் பார்த்தார்கள். காவல் கப்பலின் பாதை வெள்ளைச் சுண்ணக்கட்டியில் வரையப்பட்டது. நீர்மூழ்கியின் பாதை பச்சையில். துளை வழியாகப் பார்க்கும் கண்ணுக்குத் தரையோடு கலந்துவிடும் பச்சை தெரியாது. ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு நிமிடம். ஆட்டம் முடிந்ததும் திரையை விலக்கிவிட்டு உள்ளே வரச் சொல்வார்கள். தான் எங்கே தேடினோம், எதிரி உண்மையில் எங்கே இருந்தான் என்று தளபதி தன் கண்ணாலேயே பார்ப்பார். மனச்சாய்வை அளக்க இதைவிடக் குறைந்த செலவில் ஒரு கருவியை யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அன்றைய பிரிட்டிஷ் கடற்படையின் நம்பிக்கை, ஜெர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல் அணிக்கு வெளியே நின்றுதான் டார்பீடோவை ஏவுகின்றன என்பது. அதனால் ஒரு கப்பல் தாக்கப்பட்டதும் காவல் கப்பல்கள் வெளிப்புறம் நோக்கி விரைந்தன. ராபர்ட்ஸ் நடந்த தாக்குதல்களின் விவரங்களை எடுத்துத் தரையில் ஆடிப் பார்த்தார். அணியின் நடுவில் இருக்கும் கப்பல்கள் அடிபடுவதை அந்த நம்பிக்கையால் விளக்க முடியவில்லை. இரவில் நீர்மட்டத்துக்கு மேலே வந்து, பின்புறமாக அணிக்குள்ளேயே நுழைந்து, அடித்துவிட்டு மூழ்கிப் பின்தங்கிவிடும் நீர்மூழ்கிதான் எல்லாத் தடயங்களுக்கும் பொருந்தியது. காவல் கப்பல்கள் இத்தனை நாள் எதிரியை விட்டு விலகி ஓடிக்கொண்டிருந்தன. இதற்கான எதிர்த்தாக்குதல் முறைக்கு ராஸ்பெர்ரி என்று பெயரிட்டார்கள். ஹிட்லரைப் பார்த்து நாக்கை நீட்டிப் பழிப்பது என்று பொருள். தொடக்கத்தில் ஐயத்தோடு வந்த தளபதி பெர்சி நோபல் ஆட்டத்தைப் பார்த்து மனம் மாறினார். அவருக்குப் பின் வந்த மாக்ஸ் ஹார்ட்டன், தாமே பழைய நீர்மூழ்கித் தளபதி, நீர்மூழ்கியாக ஆடி ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண்ணிடம் ஐந்து முறை தோற்றதாகச் சொல்வார்கள். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பயின்றார்கள். அட்லாண்டிக் வெற்றியில் ராடார், வானூர்திக் காவல், சங்கேத உடைப்பு ஆகியவற்றின் பங்கைக் கழித்துவிட்டு இந்தத் தரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்தான். எனக்கு முக்கியமானது வேறு: அந்த ஆட்டத்தின் இறுதி நடுவர் டெர்பி ஹவுஸில் இல்லை. திரும்பி வந்த ஒவ்வொரு கப்பல் அணியும் அந்தத் தரையில் சொன்னதைச் சரிபார்த்தது. பகடையைத் திருத்தப் பதவி போதும். அட்லாண்டிக்கைத் திருத்த எந்தத் தளபதியாலும் முடியாது.

போருக்குப் பிறகு ஆட்டம் அரசியலுக்குள் நுழைந்தது. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஹெர்பர்ட் கோல்ட்ஹாமர், ஹன்ஸ் ஸ்பையர் போன்றோர் நாடுகளின் பாத்திரங்களை ஏற்று நெருக்கடிகளை ஆடிப் பார்க்கும் முறையை வளர்த்தார்கள். 1964இல் பென்டகன் நடத்திய சிக்மா ஆட்டங்கள் இந்த வகையில் புகழ் பெற்றவை. வட வியட்நாம் மீது குண்டு வீசினால் அது பணிந்துவிடுமா என்பதே கேள்வி. பணியாது, அமெரிக்கா மேலும் மேலும் ஆழமாக இழுக்கப்படும் என்றே ஆட்டங்கள் காட்டின. செப்டம்பரில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் மெக்ஜார்ஜ் பண்டி, கர்ட்டிஸ் லெமே போன்ற உயர் அதிகாரிகளே உட்கார்ந்திருந்தார்கள். 1965 மார்ச்சில் குண்டுவீச்சு தொடங்கியது. நம் நாட்டிலும் ஓர் இணை உண்டு. கிழக்கு மண்டலத் தளபதி தோரட் 1960இல் லக்னோவில் நடத்திய லால் கிலா என்ற ஒத்திகை, வடகிழக்கு எல்லையில் சீனா தாக்கினால் நம் நிலைகள் தாங்காது என்று காட்டியது. சீனா பெரும்போருக்கு வராது என்ற தில்லியின் நம்பிக்கையை அந்த ஒத்திகையால் அசைக்க முடியவில்லை. 1962 அக்டோபர் வரை அது அசையவில்லை. லிவர்பூலில் தளபதி தன் தவறைத் தன் கண்ணால் பார்த்தார். வாஷிங்டனிலும் தில்லியிலும் தவறு ஓர் அறிக்கையாகிக் கோப்புக்குள் போனது.

ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால் ஏற்கச் சொல்கிறார். செய்தி கொண்டுவருபவனைச் சோதிக்கும் முறை அது. செய்தியைப் படிப்பவனின் மனத்தை எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு விடை தேட உளவியலாளர்கள் 1970களில்தான் வந்தார்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன்னால், இஸ்ரேலியப் பல்கலைக்கழக மாணவர்களிடம் பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் இருவரும் ஒரு வேலை கொடுத்தார்கள். நிக்சன் மாவோவைச் சந்திப்பாரா என்பது போன்ற நிகழ்வுகளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணால் எழுத வேண்டும். பயணம் முடிந்து சில வாரங்கள், சில மாதங்கள் கழித்து, அன்று என்ன எண் எழுதினீர்கள் என்று நினைவுகூரச் சொன்னார்கள். நடந்துவிட்ட நிகழ்வுகளுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகப் பெரும்பாலோர் நினைவில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மனம் தன் பழைய எண்ணத்தைத் தானே திருத்தி எழுதியிருந்தது. எழுதி வாங்கிய தாள் கையில் இல்லையென்றால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. பின்னால் எழுதப்பட்ட போர் நினைவுக்குறிப்புகளை நான் ஐயத்தோடு படிப்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்த ஆண்டே இஸ்ரேல் இதே பாடத்தை வேறு விலைக்குக் கற்றது. தொலைதூரக் குண்டுவீச்சு விமானங்கள் கிடைக்கும்வரை எகிப்து போருக்கு வராது, எகிப்து இல்லாமல் சிரியா வராது என்ற கருத்தை இஸ்ரேல் ராணுவ உளவுத் துறை இறுகப் பிடித்திருந்தது. 1973 மே மாதம் போர் வரும் என்று பிறர் பதறியபோது, வராது என்று சொன்ன உளவுத் தலைவர் எலி ஸெய்ராவின் கணிப்பே பலித்தது. அந்தப் பலிப்பு கருத்தை மேலும் இறுக்கியது. அக்டோபர் 6 அன்று இரண்டு எல்லைகளிலும் படைகள் உள்ளே வந்தன. விசாரித்த அக்ரனாட் ஆணையம் ஸெய்ராவைப் பதவியிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது. தகவல் பற்றாக்குறையால் நேர்ந்த தோல்வி அல்ல இது. தகவல் ஏராளமாக வந்தது. வந்த ஒவ்வொன்றும் பழைய கருத்துக்குப் பொருந்தும்படி படிக்கப்பட்டது.

தகவல் பெருகினால் கணிப்பும் கூர்மையாகும் என்ற நம்பிக்கையையே ஓர் ஆட்டம் உடைத்திருக்கிறது. அனுபவமுள்ள எட்டுக் குதிரைப் பந்தயக் கணிப்பாளர்களிடம் உளவியலாளர் பால் ஸ்லோவிக், ஓடி முடிந்த 40 பந்தயங்களின் விவரங்களைக் குதிரைகளின் பெயரை மறைத்துக் கொடுத்தார். முதலில் ஐந்து விவரம், பிறகு பத்து, இருபது, நாற்பது. விவரம் கூடக்கூடக் கணிப்பின் துல்லியம் கூடவில்லை. தங்கள் கணிப்பின் மீது அவர்களுக்கிருந்த நம்பிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அமெரிக்க மத்திய உளவு நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ரிச்சர்ட்ஸ் ஹாயர் தம் சக ஊழியர்களுக்காக எழுதிய கட்டுரைகளில் இந்தச் சோதனைக்கு முக்கிய இடம் கொடுத்தார். 1999இல் நூலாக வந்த அந்தக் கட்டுரைகளே இத்துறையின் அடிப்படைப் பாடம். ஒரே விளக்கத்தைப் பிடித்துக்கொள்ளாமல் போட்டி விளக்கங்களை ஓர் அட்டவணையில் வைத்து, ஒவ்வொரு தடயமும் எதை மறுக்கிறது என்று பார்க்கும் முறையையும் அவரே வகுத்தார். இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக 2002இல் சொன்ன கணிப்பு பொய்த்தபின், இத்தகைய முறைகள் அமெரிக்க உளவுத் துறையில் ஏறக்குறையக் கட்டாயச் சடங்காயின.

சடங்கு பலன் தந்ததா? 1989இல் அயோவா போர்க்கப்பலில் பீரங்கி மேடை வெடித்து 47 பேர் இறந்த விபத்தின் தடயங்களை மைட்டர் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு சோதனையாக மாற்றியது. தடயங்களைத் தவணை முறையில் கொடுத்து, முதலில் நம்பிய காரணத்தைப் பின்னால் வரும் தடயங்கள் அசைக்கின்றனவா என்று அளந்தார்கள். ஹாயரின் முறை மனச்சாய்வைக் குறைத்தது. ஆனால் உளவு ஆய்வில் தொழில் அனுபவம் இல்லாதவர்களிடம் மட்டும். 2019இல் பிரிட்டனில் ஐம்பது ஆய்வாளர்களை வைத்துச் செய்த சோதனையிலும் அந்த முறையின் பலன் தெளிவாகத் தெரியவில்லை. 2014இல் வாலரி ரெய்னாவும் குழுவினரும் வெளியிட்ட முடிவு இன்னும் சங்கடமானது. ஒரே கணக்கை லாபமாகச் சொன்னால் ஒரு முடிவும் நட்டமாகச் சொன்னால் வேறு முடிவும் எடுக்கும் பிழை, கல்லூரி மாணவர்களைவிட உளவுப் பணியாளர்களிடம் அதிகமாக இருந்தது; தங்கள் முடிவின் மீது உறுதியும் அவர்களுக்கே அதிகம்.

மறுபுறம், அமெரிக்க உளவு ஆய்வுத் திட்ட அமைப்பு 2011இல் தொடங்கிய சிரியஸ் திட்டத்தில் உருவான கணினி விளையாட்டுகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தன. காணாமற்போன பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தேடும் துப்பறியும் ஆட்டம் ஒன்றில், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஆடியவர் எங்கே எப்படிச் சாய்ந்தார் என்று அவருக்கே காட்டப்படும். கேரி மோர்வெட்ஜ் குழுவினரின் 2015ஆம் ஆண்டுக் கட்டுரைப்படி, ஆட்டம் ஆடியவர்களிடம் பிழைகள் உடனடியாகக் குறைந்தது 31 விழுக்காடும், இரண்டு மாதங்களுக்குப் பிறகும் 23 விழுக்காடும் குறைந்திருந்தன. இதே விஷயத்தை விளக்கும் காணொளியைப் பார்த்தவர்களிடம் 18, 19 விழுக்காடுகள். பின்னர், மேலாண்மை மாணவர்களுக்குத் தொடர்பைச் சொல்லாமல் ஒரு முடிவெடுக்கும் சிக்கலைக் கொடுத்தபோது, முன்பே இந்த ஆட்டத்தை ஆடியிருந்தவர்கள் முன்முடிவை உறுதிப்படுத்தும் தவறான விடையைத் தேர்ந்தெடுப்பது 29 விழுக்காடு குறைவாக இருந்தது. அட்டவணை தோற்ற இடத்தில் ஆட்டம் வென்றதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். அட்டவணையை நிரப்புபவரே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். ஆட்டத்தில் மதிப்பெண் வேறு இடத்திலிருந்து வருகிறது, அதுவும் உடனே வருகிறது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. ஆட்டத்தில் உயிரும் பதவியும் பணயமில்லை, அதனால் அங்கே காணும் மனம் உண்மை மனமல்ல என்பது முதலாவது. பணயம் மனத்தைக் கூர்மையாக்கும் என்று இந்த மறுப்பு எடுத்துக்கொள்கிறது. 1973இல் பணயம் ஒரு நாடு, கருத்து அசையவில்லை. அடுத்தது, ஆட்டத்தை வடிவமைப்பவரின் சாய்வே அதன் விடையாகிவிடும் என்பது. இது உண்மையான ஆபத்து. அயோவா விபத்திலேயே கடற்படை முதலில் ஒரு மாலுமியின் சதி என்று சொல்லி, 1991இல் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்று பின்வாங்கி வருத்தம் தெரிவித்தது. சரியான விடை இல்லாத சிக்கலை வைத்து எதை அளந்தார்கள்? ஒரே தடயத்துக்கு, வெவ்வேறு காரணத்தை நம்புகிறவர்கள் வெவ்வேறு எடை கொடுக்கிறார்களா என்பதை அளந்தார்கள். உண்மை தெரியாமலே சாய்வை அளக்கலாம் என்பதை அந்தச் சோதனை காட்டியது; அதன் சிறப்பு அதுதான்.

மூன்றாவது மறுப்பு ரிச்சர்ட் பெட்ஸ் 1978இல் எழுதியது: உளவுத் தோல்விகளில் பெரும்பாலானவை ஆய்வாளர் மேசையில் நேர்வதில்லை, முடிவெடுக்கும் தலைவர்களிடம் நேர்கின்றன, அவற்றை ஒழிக்கவே முடியாது. சிக்மாவும் லால் கிலாவும் அவர் பக்கமே சாட்சி சொல்கின்றன. ஆய்வாளரின் பிழையை நான்கில் ஒரு பங்கு குறைத்தாலும், அறிக்கையை மூடி வைக்கும் அமைச்சரை எந்தக் கணினி விளையாட்டும் திருத்தாது. இதை மறுக்க நான் முயலவில்லை. ஆனால் இதையே சாக்காக வைத்து ஆய்வாளரை அளக்காமல் விடுவதில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. 1991 வளைகுடாப் போருக்குப் பின் இராக்கின் அணுத் திட்டம் கணித்ததைவிட முன்னேறியிருந்தது தெரியவந்தது. குறைத்து மதிப்பிட்டோம் என்ற வடுவோடு இருந்தவர்கள் 2002இல் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். பழைய பிழையின் நினைவு மட்டும் மருந்தாவதில்லை. மனம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்வதைக்கூட அது திருத்தம் என்றே கருதிக்கொள்ளும்.

கார்கில் போருக்குப் பின் அமைந்த மறுஆய்வுக் குழு, ஊடுருவல் அரசுக்கும் படைக்கும் உளவு அமைப்புகளுக்கும் முழு அதிர்ச்சியாக வந்தது என்று பதிவு செய்தது. இத்தகைய குழுக்கள் எல்லாமே நடந்தபின் எழுதுபவை. அடுத்த முறை எந்த நாட்டிலாவது உளவுத் தோல்வி குறித்த விசாரணை அறிக்கை வெளியாகும்போது, யார் எச்சரித்தார்கள், யார் கேட்கவில்லை என்ற பட்டியலைத் தேடிப் படிப்பதற்கு முன் வாசகர் ஒன்றைக் கேட்க வேண்டும்: நிகழ்வதற்கு முன்னால் ஒவ்வொருவரும் எவ்வளவு வாய்ப்பு என்று நினைத்தார்கள் என்பது எண்ணாக, தேதியோடு, அவர்கள் கை தொட முடியாத இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்ததா? இல்லையென்றால் அந்த அறிக்கையின் எச்சரிக்கைப் பட்டியலைப் பாதி விலைக்கு வாங்கினால் போதும்.